இல்லத்துட் செடி வளர்த்தல்

ஊருக்குப் பெயரிட்ட நம் முன்னோர் மரஞ்செடிகளை மறவாதவர். ஆலையடிவேம்பு என்னும் பெயரில் வேம்பு நிற்கின்றது. அயலிலுள்ள பனங்காட்டிற் பனையும், நாவற்காட்டில் நாவலும் நிற்கின்றன. இத்தகைய ஊர்களிற் பிறந்த நமக்குச் செடி வளர்க்கும் முறையை ஒருவர் எடுத்துக் கூறவும் வேண்டுமோ என அன்பர்கள் வினவுதல் கூடும். வேண்டும் என்பதே என் விடை. வளவில் நட்ட மரத்திற்கு வேரோட நிலமுண்டு, வெயிலுண்டு. நாம் மறந்தாலும் மாரி மறவாது. வீட்டினுள்ளே சாடியில் வைத்த செடிக்கோ நம் கையன்றி வேறு துணையில்லை. அதனால், வளவிற் கைதேர்ந்தவர்கூட வீட்டினுட் பிழை செய்கின்றனர். யானும் செய்தேன். அப்பிழையின் பயனாக என் இல்லம் அடைந்த துன்பத்தையும் பின்னர்க் கூறுவேன்.

முன்னாளில் நம் பகுதியில் ஒவ்வொரு வீட்டுக்கும் அகன்ற வளவு இருந்தது. இன்று பிள்ளைகளுக்குப் பங்கிட்டுப் பங்கிட்டு வளவுகள் சுருங்கிவிட்டன. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. எஞ்சியோருட் பலர் சிறு காணிகளில் அமைந்த வீட்டுத் திட்டங்களிற் குடியேறினர். நம் பழைய மாணவர் பலர் கொழும்பிலும், இலண்டனிலும், ரொறன்ரோவிலும் மாடிவீடுகளில் வாழ்கின்றனர். இவர்கட்கெல்லாம் எஞ்சியுள்ள தோட்டம் விறாந்தையும் யன்னலோரமுமே. ஆதலின், இச்சிறு தோட்டத்தைப் பேணும் முறையை யூபிலி மலரில் எழுதுதல் பொருத்தமுடைத்தென எண்ணினேன்.

பழைய வழக்கம்

வீட்டோடு செடி வளர்த்தல் மேனாட்டார் நமக்குக் கற்பித்த பொழுதுபோக்கு எனச் சிலர் கருதுவர். நற்றிணையின் 172 ஆம் பாட்டை அறிந்தவர் அவ்வாறு கூறார். மகளிர் விளையாட்டாக வெண்மணலில் அழுத்தி மறந்த புன்னைவிதை முளைத்தெழுகின்றது. அதனை நெய்யும் பாலும் பெய்து வளர்க்கின்றனர். அன்னை அப்புன்னையை அவர்கட்கு உடன்பிறந்தாளெனவே கூறுகின்றாள். பின்னாளில் அம்மரத்தடியிலே தலைவனோடு சிரித்துப் பேச அவர்கள் நாணுகின்றனர். செடியை உறவென எண்ணிய உள்ளத்திற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. நெய்யும் பாலும் பெய்தல் செடிக்கு நன்றோ என்பது வேறு வினா. அதனைப் பசளை பற்றிய பகுதியிற் பார்ப்போம்.

நான்கு சுவருக்குள், வெயில் குன்றிய இடத்திற் செடி வளர்த்தல் பிற்கால வழக்கமே. இலண்டன் மாநகரில் நதானியல் வாட் என்னும் மருத்துவர், 1829 ஆம் ஆண்டளவில், பூச்சியொன்றின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடி வைத்தார். சின்னாளில் அம்மண்ணிலிருந்து பன்னச்செடியொன்றும் புல்லொன்றும் முளைத்தன. நகரின் புகையில் மடிந்துபோகும் செடிகள், மூடிய கண்ணாடிக்குள் வாழக் கண்ட அவர், செடிகளுக்கெனக் கண்ணாடிப் பெட்டி அமைத்தார். அப்பெட்டிகள் நம் நாட்டின் வரலாற்றையும் மாற்றின. 1876 இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து ஏறத்தாழ 1,900 இறப்பர் நாற்றுக்கள் அத்தகைய பெட்டிகளிலேயே கடல் கடந்து இலங்கை வந்து, கம்பஹாவைச் சார்ந்த ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. அடைபட்ட இடத்திற் செடி உயிர்வாழ வேண்டுவன யாவை என்பதை அறிந்ததனாலேயே இது கைகூடிற்று. அவற்றை முறையே காண்போம்.

ஒளி

செடிக்கு உணவு பசளை என்பது பொதுவான எண்ணம். அஃது உண்மையன்று. செடி தன் உணவைத் தானே ஆக்கிக் கொள்கின்றது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும், வேர் தரும் நீரையும் கொண்டு, ஒளியின் துணையால் இலை வெல்லம் சமைக்கின்றது. இதனையே ஒளித்தொகுப்பு என்பர். பசளை உப்புப் போன்றது, ஒளியே அடுப்பு. அடுப்பெரியாத வீட்டில் எத்துணை உப்பிருந்தும் பயனில்லை.

இவ்விடத்தில் நம் கண் நம்மை ஏமாற்றுகின்றது. நடுப்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 100,000 இலக்சு. விளக்கெரியும் அறையின் ஒளியோ சில நூறு இலக்சு மட்டுமே. மனிதக்கண் இருளுக்கேற்பத் தன்னைத் திருத்திக் கொள்வதால், அறை போதிய வெளிச்சமுடையதெனத் தோன்றும். செடி அவ்வாறு ஏமாறுவதில்லை. யன்னலைவிட்டு நான்கைந்து அடி உள்ளே நகர்த்தியதும் அதற்குக் கிடைக்கும் ஒளி பெரிதுங் குறைந்துவிடுகின்றது.

ஒளியை அளக்க எளிய வழியொன்றுண்டு. செடி வைக்கக் கருதிய இடத்தில், பகற்பொழுதில் ஒரு வெள்ளைக் கடதாசியை வைத்து, அதற்கு ஓரடி உயரத்திற் கையைப் பிடிக்க. நிழல் விளிம்பு தெளிவாக விழுந்தால் அவ்விடம் நிறைந்த ஒளியுடையது. மங்கலாக விழுந்தால் நடுத்தரமானது. நிழலே தோன்றாவிடின் அங்கே செடி வைத்தல் அதனைப் பட்டினியிடுதலாகும். ஒளி குறைந்த செடியின் கணுக்கள் ஒன்றுக்கொன்று தூரமாகும்; தண்டு மெலிந்து யன்னலை நோக்கிச் சாயும்; குரோட்டன் தன் நிறமிழந்து பச்சையாகும். இவற்றைக் கண்டால் பசளையிடாது, இடத்தை மாற்றுக.

நம் கரையோரத்திற் கிழக்கு யன்னல் சிறந்தது. காலை வெயில் இதமானது. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று வீசுங்காலத்தில் மேற்கு யன்னலின் வெயிலும் அனற்காற்றும் மென்மையான இலைகளைக் கருக்கிவிடும். அக்காலத்திற் சாடிகளை ஓரிரு அடி உள்ளே எடுத்தல் நலம். வாரமொருமுறை சாடியைக் காற்பங்கு திருப்பி வைத்தாற் செடி ஒருபுறஞ் சாயாது வளரும்.

நீர்

வீட்டுச் செடிகள் நீரின்றி இறப்பதிலும் நீர் மிகுந்து இறப்பதே பெரும்பான்மை. ஆசிரியர் கலாசாலையிற் பயின்ற காலத்தில், விடுதி யன்னலோரத்தில் ஒரு கற்றாழையை வைத்து, காலையும் மாலையும் தவறாது நீரூற்றி வந்தேன். திங்களொன்று கழியுமுன் அஃது அடியில் அழுகிச் சாய்ந்தது. அதன்மீது பகை கொண்டிருந்தேனாயின், நீரூற்றாது விட்டிருப்பேன், அதுவும் பிழைத்திருக்கும்!

காரணம் இதுவாகும். வேரும் மூச்சு விடுகின்றது. மண்துகள்களின் இடைவெளியிலுள்ள காற்றிலிருந்து அஃது ஒட்சிசனைப் பெறுகின்றது. ஓயாது நீரூற்றின், அவ்விடைவெளிகள் நிரம்பி வேர் மூச்சடைத்து அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆதலின் இலை வாடும். வாடிய இலையைக் கண்ட நாம் நீர் போதவில்லை என எண்ணி மீண்டும் ஊற்றுகின்றோம். நோய்க்கு நோயையே மருந்தாகக் கொடுக்கும் செயல் இது.

ஆகவே, நாட்கணக்குப் பார்த்து நீரூற்றற்க. சுட்டுவிரலை இரண்டு அங்குலம் மண்ணுள் விட்டுப் பார்க்க. ஈரமிருப்பின் ஊற்ற வேண்டா. உலர்ந்திருப்பின், சாடியின் அடித்துளை வழியே நீர் வெளிவரும்வரை நிறைய ஊற்றுக. மாரிக்காலத்தில் வாரத்திற்கு ஒருமுறையும் வேண்டாதிருக்கலாம். கச்சான் வீசுங்காலத்தில் நாடோறும் வேண்டியும் இருக்கலாம். கற்றாழை, மருள் முதலியன தடித்த இலைகளில் நீரைச் சேமிப்பவை. இவற்றின் மண் முற்றாக உலர்ந்த பின்னரே ஊற்றல் வேண்டும். அடியில் துளையில்லாத பாத்திரத்தில் எச்செடியையும் நடற்க. மண்சாடி தன் சுவர் வழியே ஈரத்தை வெளியேற்றுவதால், பிளாத்திக்குச் சாடியினும் தொடக்கக்காரருக்கு ஏற்றது.

கடலை அண்டிய கிணறுகளின் நீரிற் சிறிது உவர் உண்டு. அந்நீரை நெடுங்காலம் ஊற்றினால், மண்ணின் மேலும் சாடியின் விளிம்பிலும் வெண்மையாக உப்புப் படியும். இலைநுனி பொரிந்து கருகும். மாரி வந்ததும் சாடிகளை ஓரிரு நாள் மழையில் வைத்தல் இதற்கு நல்ல மருந்து. ஆழிப்பேரலையால் உவர்ப்பட்ட நம் கிணறுகளையும் மண்ணையும் காலப்போக்கிற் கழுவித் தந்ததும் அம்மாரியே.

தட்டிற் றேங்கிய நீர்

இனி, முன்னர்க் கூறிய துன்பத்தைச் சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டது. 2017 ஆம் ஆண்டில் இலங்கையெங்கும் டெங்குக் காய்ச்சல் பரவியதை அன்பர்கள் மறந்திரார். அவ்வோராண்டில் 186,000க்கு மேற்பட்டோர் அந்நோயாளராகப் பதியப்பட்டனர். 400க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அவ்வாண்டில் என் மகளுக்கும் அக்காய்ச்சல் கண்டது. மருத்துவமனைக் கட்டிலின் அருகே, குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை இறங்கி இறங்கி வர, அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று இரவுகள் விழித்திருந்தேன். இறையருளால் அவள் தேறினாள்.

அவள் வீடு திரும்பு முன்னரே பொதுச் சுகாதார பரிசோதகர் எம் வளவைப் பார்வையிட வந்தார். பாடசாலையிற் சிரமதானத்தை முன்னின்று நடத்துபவன் யான். எம் வளவில் ஒரு சிரட்டைகூடக் கிடையாது என நெஞ்சு நிமிர்ந்து நின்றேன். அவர் வளவைச் சுற்றிவிட்டு, விறாந்தையில் இருந்த குரோட்டன் சாடியைத் தூக்கினார். அதன் அடித்தட்டில் தேங்கிய நீரில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. மகள் நாடோறும் இருந்து படித்த இடம் அச்சாடியின் அருகேயாம். யான் ஒன்றும் பேசவில்லை.

அன்றே எல்லாச் சாடிகளையும் வீதியோரம் வைக்கத் துணிந்தேன். என் தாயார் தடுத்து, “மகன், செடியில என்ன பிழை? தண்ணிய விட்டது நாமதானே” என்றார்கள். அச்சொல்லே இக்கட்டுரையின் கருப்பொருள் என்று கூறலாம். செடி விலக்கத்தக்கதன்று, அறியாமையே விலக்கத்தக்கது.

டெங்கைப் பரப்பும் ஈடிசு நுளம்பு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டை அண்டிய சிறு பாத்திரங்களின் தெளிந்த நீரையே பெரிதும் நாடுகின்றது. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரச் சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கின்றது. முட்டை நுளம்பாக ஏறத்தாழ ஏழு முதற் பத்து நாட்கள் போதும். நீர் வற்றினும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மீண்டும் நீர்படப் பொரிக்கும். ஆதலின் தட்டு நீரைக் கொட்டுதல் மாத்திரம் போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி, நுளம்பு பெருக இடமளித்தல் குற்றமுமாகும்.

எம் வீட்டில் இன்று கடைப்பிடிக்கும் விதிகள் இவை. முதலாவது, சாடிகளின் கீழே தட்டு வைப்பதில்லை. செங்கற்றுண்டுகளின் மேல் நிறுத்தியுள்ளோம். தட்டின்றி முடியாத இடத்தில் அதனை விளிம்புவரை மணலால் நிரப்பியுள்ளோம். இரண்டாவது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீடு கழுவும்போது தட்டுக்களையும் தேய்த்துக் கழுவுகின்றோம். மூன்றாவது, போத்தல் நீரில் வளரும் மணிப்பிளாண்டின் நீரை அந்நாளிலேயே மாற்றி, போத்தலைத் தேய்த்து, வாயைப் பஞ்சினால் அடைக்கின்றோம். அன்றேல் அதனை மண்ணிலே நட்டுவிடுகின்றோம். இவ்விதிகளைக் காப்பவள் என் மகளே.

மண்ணும் பசளையும்

நம் கரையோர மண் பெரும்பாலும் மணல். நீரையும் சத்தையும் தாங்காது. வயல்மண்ணோ களி, சாடியில் இறுகிக் கல்லாகும். எனவே ஒரு பங்கு மேல்மண், ஒரு பங்கு நன்கு உக்கிய கூட்டெரு, ஒரு பங்கு தும்புத்தூள் எனக் கலந்து கொள்க. தும்புத்தூளில் உப்பிருத்தல் கூடும். இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிந்தே சேர்த்தல் வேண்டும்.

பசளையின் மூன்று முதன்மைச் சத்துக்களுள் நைதரசன் இலையையும், பொசுபரசு வேரையும், பொற்றாசியம் பூவையும் செடியின் உரத்தையும் வளர்ப்பதிற் சிறந்து நிற்கும். வீட்டினுள்ளே ஒளி குறைவாதலின் வளர்ச்சியும் மந்தம். வளவுச் செடிக்கு இடும் அளவிற் பாதியும் மிகையே. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி உக்கிய ஆட்டெருவோ மாட்டெருவோ இடுதல் போதும். பச்சை எரு வேரைச் சுடும். மீன் கழுவிய நீரை வளவுத் தென்னைக்கு ஊற்றுக. வீட்டினுட் சாடிக்கு ஊற்றின் எறும்பும் ஈயும் மொய்க்கும். புன்னைக்குப் பெய்த நெய்யும் பாலும் அன்பின் அடையாளம். அவற்றை இன்று சாடியிற் பெய்தால் பூஞ்சணமே வளரும்.

இலையடியிற் பஞ்சு போன்று வெண்மூட்டுப்பூச்சி காணப்படின் அஞ்ச வேண்டா. ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான சவர்க்காரக் கரைசலைக் கலந்து, துணியாற் றுடைத்து, மறுநாள் நல்ல நீராற் கழுவுக. வாரமொருமுறையாக மூன்று வாரம் செய்தால் பெரும்பாலும் நீங்கும்.

செடிகளைத் தெரிதல்

புதியவர் மருளிலிருந்து தொடங்குவது நலம். மருளினத்துள் ஒன்று இலங்கைக்கே உரியதாய், அறிவியற் பெயரிலும் இலங்கையின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அடுத்து மணிப்பிளாண்ட், குறைந்த ஒளியையும் பொறுக்கும். கற்றாழை, கற்பூரவள்ளி, துளசி ஆகியன மருந்துக்கும் வழிபாட்டுக்கும் உதவுவன. ஆயின் இவை வெயில் விரும்பிகள். யன்னற்படியிலன்றி அறையின் மூலையிற் றழைக்கா. அந்தூரியம் ஈரக்காற்றையும் நிழலையும் விரும்பும். நம் வறண்ட கோடையில் அதனைப் பேணுதற்குப் பொறுமை வேண்டும்.

சிறு பிள்ளைகளுள்ள வீட்டார் ஒன்றை நினைவிற் கொள்க. புள்ளி புள்ளியாக அகன்ற இலைகளையுடைய டிஃபன்பாக்கியா என்னும் அழகுச்செடியின் சாற்றிலும், மணிப்பிளாண்டின் சாற்றிலும் கல்சியம் ஒட்சலேற்று ஊசிகள் உள. குழந்தை கடித்தால் வாயும் நாவும் எரிந்து வீங்கும். இவற்றைக் கைக்கெட்டாத உயரத்தில் வைக்க. அலரியின் எல்லாப் பகுதிகளும் உயிர்க்கு ஊறு விளைக்கும் நஞ்சு. பிள்ளைகள் நடமாடும் விறாந்தையில் அதற்கு இடமில்லை.

அழகு கண்டு கொணர்ந்த செடியை நீர்நிலையில் வீசுதலும் தகாது. ஆற்றுவாழை என நாம் கூறும் நீர்ச்செடி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகவே இலங்கைக்குக் கொணரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அதனை ஒழிக்க 1909 இற் சட்டமியற்ற வேண்டியதாயிற்று. இன்றும் நம் குளங்களை அது மூடுகின்றது.

மிகைக் கூற்றுக்கள்

வீட்டுச் செடி காற்றைத் தூய்மையாக்கும் என்று விற்போர் கூறுவர். 1989 இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஆய்வொன்று, மூடிய சிறு அறைகளில் வைத்த செடிகள் சில நச்சு ஆவிகளைக் குறைத்தமையைக் கண்டது. ஆயின், காற்றோட்டமுள்ள வீட்டில் அப்பயனைப் பெறுதற்கு ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 10 முதல் 1,000 வரை செடிகள் வேண்டும் என்று 2019 இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. யன்னலைத் திறத்தலே எளிது. இரவிற் செடி நஞ்சு கக்கும் என்னும் அச்சமும் வீணே. அறையில் உறங்கும் ஒருவர் விடும் மூச்சோடு ஒப்பிடின் சாடிச்செடியின் மூச்சு மிகச் சிறிது. அங்ஙனமாயின் செடியாற் பயன் யாது? தளிர் விட்டதா என நாடோறும் பார்க்கும் கண்ணுக்கும் மனத்திற்கும் கிடைக்கும் அமைதியே போதிய பயனென்பேன்.

கடல் கடந்த அன்பர்க்கு

குளிர்நாடுகளில் வாழும் நம் பழைய மாணவர் பலர் கறிவேப்பிலைச் செடியொன்றைச் சாடியில் வைத்து வளர்க்கின்றனர். மாரிக்காலத்தில் அஃது இலையுதிர்த்ததும் இறந்ததென எறிந்துவிடுகின்றனர். ஒளியும் வெப்பமுங் குறைய அது உறங்குகின்றது, இறக்கவில்லை. நகத்தாற் றண்டைச் சிறிது சுரண்டுக. உள்ளே பச்சை தெரிந்தால் உயிருண்டு. குளிர்ந்த கண்ணாடியைத் தொடாது, வீட்டில் மிக்க ஒளியுள்ள யன்னலருகே வைத்து, நீரை மிகவுங் குறைத்துக் காத்திருக்க. வசந்தத்தில் தளிர்க்கும். இங்கிருந்து கன்றையோ இலையையோ பெட்டிக்குள் மறைத்துக் கொண்டு செல்லற்க. அச்செடியிற் றங்கும் சிறு பூச்சியொன்று தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புவதாலேயே பல நாடுகள் அதனைத் தடுத்துள்ளன.

நம் கல்லூரியின் நிழலில் வளர்ந்த நாமும் பல திசைகளிற் சாடிச்செடிகள் போல வேறூன்றி வாழ்கின்றோம். ஊரிலுள்ளோர் இவ்வாரமே தத்தம் சாடிகளைத் தூக்கி அடித்தட்டைப் பார்க்குமாறு வேண்டுகின்றேன். ஒரு பிள்ளையின் காய்ச்சல் அதனால் தவிர்க்கப்படுமாயின், இம்மலரில் யான் பெற்ற சில பக்கங்கள் வீணாகவில்லை. அப்பணி முடிந்தபின் ஒரு சிறு துளசியை நடுக. கல்லூரி வாழ்க! அதன் மாணவர் இல்லந்தோறும் பசுமை வாழ்க!